ஒசாகாவின் மருந்துப் புலி

ஜப்பானின் பழைய மருந்துத் தெருவில் ஒரு சின்ன ஷின்டோ கோயில். கட்டியவர்கள் நோயாளிகள் அல்ல, மருந்து விற்றவர்கள். வங்காளத்தில் கிளம்பிய ஒரு நோய் அந்தக் கோயிலுக்கு ஒரு புலியைக் கொடுத்தது.

நவம்பர் 22, 23 ஆகிய இரண்டு நாட்களும் ஒசாகாவின் தோஷோமாச்சித் தெருவில் வேகமாக நடந்து போக முடியாது. மற்ற நாட்களில் பையும் கையுமாக விரைகிற அலுவலக ஊழியர்கள்தான் இங்கே கண்ணில் படுவார்கள். அந்த இரண்டு நாட்களில் தெருவோரம் மூங்கில் கிளைகள் நிற்கும். அவற்றில் தோரணங்களோடு மருந்துப் பெட்டிகளும் தொங்கும். தின்பண்டக் கடைகளின் புகை கிளம்பும். குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், கைத்தடி ஊன்றிய பாட்டிகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்று கூட்டம் மொத்தமும் ஒரே சந்துக்குள் நுழையும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருகி வைத்தது போன்ற சந்து. உள்ளே போனவர்கள் ஆளுக்கொரு மூங்கில் கிளையோடு திரும்புகிறார்கள். கிளையில் தொங்குவது காகிதக் கூழில் செய்த சின்னஞ்சிறு மஞ்சள் புலி. தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையை ஆட்டும். வயிற்றில் சிவப்பு மையில் ஒரே ஓர் எழுத்து முத்திரை. அதன் பொருள், மருந்து.

சந்தின் கோடியில் இருப்பது சுகுனாஹிகோனா கோயில். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘ஷின்னோ-சான்’ என்கிறார்கள். ‘சான்’ என்பது பக்கத்து வீட்டுக்காரர் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல். ஒசாகாக்காரர்கள் கடவுள்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜனவரியில் வியாபாரக் கடவுள் எபிசுவுக்கு விழா எடுத்து ஆண்டைத் தொடங்கும் இந்த நகரம், நவம்பரில் ஷின்னோவின் விழாவோடு அதை முடித்துக்கொள்கிறது. வருடத் துவக்கம் பணத்துக்கு, முடிவு உடம்புக்கு. வியாபாரிகளின் ஊரில் வரிசை அப்படித்தான் இருக்கும்.

கோயிலில் குடியிருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் உள்ளூர், மற்றவர் வெளிநாடு.

உள்ளூர்க்காரரான சுகுனாஹிகோனா ஜப்பானியப் புராணத்தின் மிகச் சிறிய கடவுள். 712ல் தொகுக்கப்பட்ட ‘கொஜிகி’யில் அவர் அறிமுகமாகும் காட்சி ரசமானது. நாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த ஒகுனினுஷி என்னும் பெரிய கடவுள் இஸுமோ கடற்கரையில் நிற்கிறார். அலைமேல் ஒரு படகு வருகிறது. படகு என்றால் மரப் படகு அல்ல. நம் ஊர் வேலிப்பருத்தியின் உறவுக்காரக் கொடி ஒன்றின் காய், நெடுக வெடித்துக் கிடக்குமே, அந்த ஓடு. அதில் பறவைத் தோலை உடுத்திய குட்டி மனிதர். பெயர் கேட்டால் பதில் இல்லை. கூட இருந்தவர்களில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கடைசியில் ஒரு தேரை, “சோளக்கொல்லை பொம்மையைக் கேளுங்கள்” என்று யோசனை சொல்கிறது. கால் நகராவிட்டாலும் உலகத்து விஷயமெல்லாம் தெரிந்த பொம்மை அது. அதுதான் வந்தவர் யாரென்று சொல்கிறது. ஆதிக் கடவுள்களில் ஒருவரின் கைவிரல் இடுக்கு வழியே நழுவி விழுந்த பிள்ளையாம்.

எட்டு ஆண்டு பின்னால் எழுதப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ இன்னும் கொஞ்சம் சொல்கிறது. உள்ளங்கையில் வைத்து விளையாட்டுக் காட்டிய ஒகுனினுஷியின் கன்னத்தில் பாய்ந்து கடித்துவிட்டாராம் குட்டிக் கடவுள். பிறகு இருவரும் கூட்டாளிகளாகி நாட்டைக் கட்டினார்கள். மனிதருக்கும் கால்நடைக்கும் வரும் நோய்களுக்கு வைத்தியமுறை வகுத்தார்கள். பறவை, விலங்கு, பூச்சிகளின் தொல்லையை விலக்கும் மந்திரங்களையும் ஏற்படுத்தினார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே சுகுனாஹிகோனா போய்விட்டார். தினைத்தாளில் ஏறினார், தாள் வளைந்து நிமிர்ந்தது, அவர் கடலுக்கு அப்பாலுள்ள நித்திய தேசத்துக்கு எகிறிப் போனார். மருத்துவக் கடவுள் வேலையை முடிக்காமல் போனார் என்று சொல்லும் புராணத்தை எழுதியவர்கள் நோயாளிகளின் படுக்கை அருகே உட்கார்ந்து பழகியவர்களாக இருக்க வேண்டும்.

ஆனால் அவர் திரும்பி வந்ததாகவும் நம்பினார்கள். 856ல் கிழக்குக் கடற்கரையில் ஒஅராய் என்ற இடத்தில் விசித்திரமான இரண்டு கற்கள் ஒதுங்கின. ‘நாட்டைப் படைத்துவிட்டுக் கடலுக்குப் போனோம், மக்களைக் காக்க மீண்டும் வந்திருக்கிறோம்’ என்று அந்த இரு கடவுள்களும் ஒருவர் மேல் வந்து சொன்னதாக அரசவைக் குறிப்பு இருக்கிறது. அங்கே எழுந்த கோயிலுக்கு அரசு கொடுத்த பட்டத்தில் யகுஷி என்ற பெயரும் சேர்ந்திருந்தது. யகுஷி என்பவர் இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன பைஷஜ்யகுரு, பௌத்தர்களின் மருத்துவ புத்தர். உடம்பு சரியாக வேண்டும் என்றால் எந்த மதத்துக் கடவுள் என்று பார்ப்பதில்லை, அன்றும்.

ஷின்னோ என்று ஜப்பானியர் அழைக்கும் இரண்டாமவர் சீனத்து ஷென்நோங். உழவையும் மருந்தையும் கற்றுக் கொடுத்த புராண அரசர். நூற்றுக்கணக்கான மூலிகைகளைத் தன் வாயில் போட்டுப் பார்த்து எது மருந்து, எது விஷம் என்று பிரித்தவர். ஒரே நாளில் எழுபது முறை விஷம் ஏறியதாகக் கதை. தலையில் கொம்பு, இலை ஆடை, வாயில் ஒரு தழை என்று படங்களில் காட்சி தருகிறார். அவர் பெயரில் வழங்கும் பழைய மருந்து நூல் 365 சரக்குகளைப் பட்டியலிடுகிறது.

விற்பவனுக்கு எந்தக் கடவுள் தேவை என்று யோசித்தால் ஷின்னோவின் முக்கியத்துவம் புரியும். வாயில் போட்டுப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது. தோஷோமாச்சிக்காரர்களின் அன்றாடத் தொழிலே அதுதான்.

டோகுகாவா ஷோகன்களின் ஆட்சியில் ஜப்பான் வெளி உலகத்துக்குக் கதவை ஏறக்குறையச் சாத்தியே வைத்திருந்தது. சீனக் கப்பல்களும் டச்சுக் கப்பல்களும் நாகசாகியில் மட்டும் சரக்கு இறக்கலாம். அங்கே இறங்கிய மருந்துச் சரக்கு ஒசாகாவுக்கு வரும். தோஷோமாச்சியின் மருந்துத் தரகர்கள் அதைப் பிரித்து, தரம் பார்த்து, எடை போட்டு, விலை வைத்து நாடு முழுவதும் அனுப்புவார்கள். வேர், பட்டை, கொட்டை, பிசின், கொம்பு, எலும்பு, கல் என்று நம் நாட்டு மருந்துக் கடை டப்பாக்களில் இருக்கும் அத்தனை ரகமும் உண்டு.

இந்தியச் சரக்கு ஜப்பானுக்கு வந்த வரலாறு இன்னும் பழையது. 756ல் பேரரசி கோம்யோ, மறைந்த கணவரின் நினைவாக நாரா நகரின் தோதாய்ஜி விகாரைக்கு 60 வகை மருந்துகளைக் காணிக்கையாக்கினார். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் மிளகு இருக்கிறது, திப்பிலி இருக்கிறது, கடுக்காய் இருக்கிறது. கடுக்காயை ஜப்பானியர் ‘கரிரொகு’ என்றார்கள். ஹரீதகி என்ற சமஸ்கிருதப் பெயர் சீன எழுத்தில் புகுந்து வெளிவந்த உருவம். திப்பிலியின் ‘ஹிஹத்ஸு’வும் பிப்பலியேதான்.

தூரத்திலிருந்து வரும் சரக்கில் கலப்படம் இருக்கும். வாங்குபவனுக்கு அசல் வேரைப் பார்த்துப் பழக்கம் இருக்காது. விற்பவனுக்கே சந்தேகம் வரும். காய்ந்து சுருங்கிய இரண்டு வேர்கள் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று ஆளைப் பிழைக்க வைக்கும், இன்னொன்று கொன்றுவிடும். தோஷோமாச்சி ஆவணங்களிலேயே மிகப் பழையது இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். 1658ல் 33 மருந்து வியாபாரிகள் நகர ஆட்சியாளருக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். போலி மருந்து விற்கமாட்டோம் என்ற உறுதிமொழி அது. கோயில் வருவதற்கு 122 வருடம் முன்பு. ஒரு தெருவே சேர்ந்து இப்படி எழுதிக் கொடுக்கிறது என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1722ல் எட்டாவது ஷோகன் யோஷிமுனேயின் அரசு அடுத்த படி எடுத்தது. உள்நாட்டு மருந்துச் சரக்குகளைப் பரிசோதிக்க ஒசாகா உட்பட ஐந்து நகரங்களில் நிலையங்கள் திறந்தன. அதே ஆண்டில் தோஷோமாச்சியின் 124 மருந்துத் தரகர்களின் சங்கத்துக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. யோஷிமுனே ஒசாகாவில் நோய்வாய்ப்பட்டபோது இந்தத் தெருவின் மருந்துதான் குணப்படுத்தியது, அதற்கு நன்றியாகத்தான் அங்கீகாரம் என்று தெருவில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, லாபம் அரசுக்கும்தான். ஏகபோக உரிமை கொடுத்தால் கலப்படத்துக்கு யாரைப் பிடிப்பது என்று தெரிந்துவிடும்.

பரிசோதனை நிலையங்கள் 1738ல் மூடப்பட்டன. அரசு விலகிக்கொண்டாலும் பொறுப்பு தரகர்களின் கண், மூக்கு, நாக்கின் மேல் இருந்தது. சங்கத்துக்குள் யாத்திரைக் குழு ஒன்று இருந்தது. வீட்டுக் கூடத்தில் ஷின்னோவின் படச்சுருளைத் தொங்கவிட்டு வணங்கிவந்த அந்தக் குழுவினர், 1780ல் கியோட்டோவுக்குப் போனார்கள். அங்குள்ள கோஜோ தென்ஜின் கோயிலிலிருந்து சுகுனாஹிகோனாவின் சான்னித்தியத்தைப் பிரித்து எடுத்துவந்தார்கள். ஷின்டோவில் இது சகஜம். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போல. முதல் விளக்கின் சுடர் குறையாது.

கொண்டுவந்த சாமியை அவர்கள் தனி மலையிலோ தோப்பிலோ வைக்கவில்லை. சங்கத்தின் கூட்ட அலுவலகத்திலேயே ஷின்னோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சரக்குக்கு விலை பேசும் இடம், தகராறு தீர்க்கும் இடம், கணக்குப் பார்க்கும் இடம். மருந்தின் நல்லது கெட்டதைத் தவறாமல் பிரித்தறிய வேண்டும், தொழில் தழைக்க வேண்டும் என்பதுதான் பிரார்த்தனை. குணமாக்கு என்று கேட்கும் கோயில்கள் உலகெங்கும் உண்டு. என் கை தவறாமல் பார்த்துக்கொள் என்று விற்பவன் கேட்கும் கோயில் அபூர்வம்.

புலி வந்தது 42 வருடம் கழித்து. அதன் கதை ஜப்பானில் தொடங்கவில்லை.

1817 ஆகஸ்டில் வங்காளத்தின் ஜெஸ்ஸூரில் வாந்தி பேதி பரவியது. கங்கைச் சமவெளிக்குப் பழக்கமான நோய்தான், ஆனால் இந்த முறை அது நிற்கவில்லை. கல்கத்தாவுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் பண்டல்கண்டில் முகாமிட்டிருந்த கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸின் படையைச் சூறையாடியது. துருப்புகளோடும் யாத்ரீகர்களோடும் தெற்கே வந்தது. கப்பலேறி இலங்கை, சயாம், ஜாவா, சீனா என்று நகர்ந்தது. காலராவின் முதல் உலகப் பயணம் இது. இங்கே வங்காளத்தில் மக்கள் ஓலா பீபி என்னும் தேவதையிடம் ஓடினார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கும்பிட்ட தெய்வம் அவள்.

1822ல் நோய் ஜப்பானின் மேற்குக் கரையைத் தொட்டது. இலையுதிர்காலத்தில் ஒசாகாவுக்கு வந்தது. கதவைச் சாத்திவைத்த நாட்டுக்குள் கிருமி நுழைய ஒரு சின்ன இடுக்கு போதுமானதாக இருந்தது. ஜப்பானியர் அதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. காலையில் நடமாடியவர் ராத்திரிக்குள் போய்விட்டார். பொத்தென்று விழுவதைக் குறிக்கும் ‘கொரோரி’ என்ற சொல்லே நோயின் பெயராயிற்று. அந்த ஓசையை எழுத மூன்று சீன எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். புலி, ஓநாய், பேதி.

ஜப்பானில் புலி கிடையாது. ஓவியத்திலும், இறக்குமதியான தோலிலும், மருந்துக் கடையில் வரும் எலும்பிலும்தான் அதை அறிவார்கள். பார்க்காத மிருகம் என்பதால் பயமும் மரியாதையும் கூடுதல். பேய்களைத் தின்னும் மிருகம் என்பது சீனத்து நம்பிக்கை. புலி என்று பெயர் வாங்கிய நோயைப் புலியை வைத்தே விரட்டலாம் என்று தோஷோமாச்சிக்காரர்கள் நினைத்தார்கள். புலியின் மண்டை எலும்போடு வேறு பல சரக்குகளும் சேர்த்து ஒரு மாத்திரை உருட்டினார்கள். பெயரே ஒரு வாக்கியம்: புலித்தலை, பேய்க்கொல்லி, மனோசிலை உருண்டை. ஆம், நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் அதே சிவப்பு மனோசிலை. வேதியியலில் ஆர்செனிக் சல்ஃபைடு.

அந்த மாத்திரையைக் கோயிலில் வைத்து வேண்டி, கூடவே காகிதப் புலி ஒன்றையும் சேர்த்து நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள் என்பது கோயில் வரலாறு. காசு வாங்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. கொள்ளை நோய்க் காலத்தில் மருந்து வியாபாரி என்ன செய்வான் என்பதை 2021ல் ரெம்டெசிவிர் தேடி அலைந்த நம் ஊர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மாத்திரை வேலை செய்ததா? செய்திருக்க வழியில்லை. காலராவில் உடம்பு சில மணி நேரத்தில் தண்ணீரையும் உப்பையும் இழந்து வற்றிப்போகிறது. அதற்கு எலும்புத் தூள் எதுவும் செய்யாது, ஆர்செனிக் கெடுதலே செய்யும். ராபர்ட் கோக் இதன் கிருமியை உறுதி செய்தது 1884ல், கல்கத்தாவில். அந்தக் கிருமி குடலைச் சுரக்கவைக்கும் நஞ்சை சம்புநாத் டே காட்டியது 1959ல், அதுவும் கல்கத்தாவில். 1971ல் வங்கதேச அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுகோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. ஜெஸ்ஸூரிலிருந்து பன்காவ் கூப்பிடு தூரம். நோய் கிளம்பிய மண்ணிலேயே அதற்கு விடையும் கிடைத்தது. புலி மாத்திரை உருட்டி 149 வருடம் கழித்து.

தோஷோமாச்சியை மூடநம்பிக்கைத் தெரு என்று எழுதிவிட்டால் அது தவறாகிவிடும். இதே தெருவின் மேற்குப் பகுதியில்தான் 1849ல் ஒகாதா கோஅன் என்ற மருத்துவர் அம்மைப்பால் குத்தும் நிலையம் திறந்தார். பட்டேவியாவிலிருந்து டச்சுக்காரர்கள் நாகசாகிக்குக் கொண்டுவந்த அம்மைப்பால் அந்த ஆண்டுதான் ஜப்பானில் முதலில் பிடித்தது. மாட்டின் சீழைக் குழந்தைக்குக் குத்தினால் கொம்பு முளைக்கும் என்ற பயம் இங்கிலாந்திலேயே இருந்தபோது ஒசாகாவில் இருக்காதா? பெற்றோர் ஓடினார்கள். கோஅன் அரிசியும் இனிப்பும் கொடுத்துக் குழந்தைகளை வரவழைத்தார். குளிர்சாதனம் இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தைக்கு வாரந்தோறும் மாற்றிக்கொண்டே போகாவிட்டால் அம்மைப்பால் அற்றுப்போகும். அரசு அங்கீகாரம் 1858ல்தான் வந்தது.

அதே 1858ல் காலரா மீண்டும் வந்தது. இம்முறை தலைநகர் எடோவரை போய் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டது. கோஅன் கைவசம் இருந்த மேல்நாட்டு நூல்களை அவசரமாக மொழிபெயர்த்து, காலரா சிகிச்சைக்கு ஒரு கையேடு அச்சிட்டுச் சக மருத்துவர்களுக்குக் கொடுத்தார். தலைப்பில் அதே புலி, ஓநாய், பேதி எழுத்துகள்தான். அவர் நடத்திய தெகிஜுகு என்ற பள்ளி கோயிலிலிருந்து சில நிமிட நடை. அங்கே படித்த ஃபுகுஸாவா யுகிச்சியின் முகம் 2024 வரை வெளியிடப்பட்ட 10,000 யென் நோட்டில் இருந்தது. ஒரு பக்கம் காகிதப் புலி, மறுபக்கம் டச்சுப் புத்தகம். இரண்டும் ஒரே சுற்றுவட்டாரத்தில், ஒரே பயத்துக்கு.

1868ல் மெய்ஜி அரசு வந்தது. மேல்நாட்டு மருத்துவமே அதிகாரபூர்வ மருத்துவம் ஆயிற்று. மருந்து விற்பனைக்குச் சட்டங்கள் வந்தன. புலித்தலை மாத்திரை அந்தச் சட்டங்களில் அடிபட்டுப் போனது. வணிகர் சங்கங்களின் ஏகபோகமும் கலைந்தது. மிச்சம் இருந்தது காகிதப் புலி மட்டும். மருந்தில் புலி இல்லாமல் போனதில் நமக்கு ஒரு சந்தோஷம் இருக்க வேண்டும். 1990களில் இந்தியக் காடுகளில் புலிகள் சுடப்பட்டதற்கு எல்லைக்கு அப்பால் எலும்புக்கு இருந்த கிராக்கி ஒரு முக்கியக் காரணம். ஒசாகாப் புலிக்குத் தேவை பழைய காகிதமும் பசையும்தான்.

சங்கம் போனாலும் வியாபாரிகள் கோயிலை விடவில்லை. ‘மருந்து மூதாதையர் குழு’ என்று பொருள்படும் புதிய பெயரில் ஒன்றுசேர்ந்து விழாவைத் தொடர்ந்தார்கள். இந்த விழா மரபை 2007ல் ஒசாகா நகரம் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

அந்த வியாபாரிகள் யார் யார் என்று பார்த்தால் ஜப்பானிய மருந்துத் துறையின் பாதிப் பட்டியல் வந்துவிடும். கோயில் வந்த மறு வருடம், 1781ல், சோபே என்பவர் இந்தத் தெருவில் ஒரு மருந்துக் கடை திறந்தார். அதுதான் டகேடா. 2019ல் ஷயர் கம்பெனியை ஏறக்குறைய ஆறாயிரம் கோடி டாலருக்கு வாங்கிய அதே டகேடா. 1878ல் ஷியோனோ கிசாபுரோ தொடங்கியது ஷியோனோகி. கொழுப்புக்காக நம் வீடுகளில் தினமும் விழுங்கப்படும் ரோசுவாஸ்டாட்டின் அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஃபுஜிஸாவா, டைனிப்பன், டனாபே என்று இன்னும் பல பெயர்கள் இந்தத் தெருவோடு சேர்ந்தவை. சில இணைந்து பெயர் மாறிவிட்டன, சில வேறு முகவரிக்குப் போய்விட்டன. விழாவன்று மூங்கிலில் தொங்கும் மருந்துப் பெட்டிகள் இவர்கள் வழிவந்தவைதான்.

கோயில் வாசலில் ஒரு கல் இருக்கிறது. தனிஸாகி ஜுனிச்சிரோ 1933ல் எழுதிய ‘ஷுன்கின்ஷோ’ நாவலின் நினைவுக்கல். அதன் நாயகி பார்வை இழந்த இசைக் கலைஞர், தோஷோமாச்சி மருந்து வியாபாரியின் மகள். அவளுக்கு வழித்துணையாகி, பிறகு தன் கண்களையே குத்திக்கொள்ளும் சாசுகே, அந்தக் கடைக்குத் தொழில் பழக வந்த பையன். நாவலைப் படித்துவிட்டுத் தெருவைத் தேடி வருகிறவர்களும் உண்டு. பத்து வயதில் பெட்டி தூக்க வந்து, வருடக்கணக்கில் வேர்களை முகர்ந்து தொழில் கற்ற அப்படிப்பட்ட பையன்கள்தான் உண்மையில் இந்தத் தெருவைக் கட்டினார்கள். அவர்களுக்குக் கல் எதுவும் இல்லை.

கொரோனாவுக்கு ஷியோனோகி கண்டுபிடித்த ‘சொகோவா’ மாத்திரைக்கு ஜப்பான் அரசு அவசர அனுமதி கொடுத்தது 2022 நவம்பர் 22. ஷின்னோ விழாவின் முதல் நாள். தற்செயல்தான். ஆனால் தோஷோமாச்சியில் அன்று புலி வாங்கியவர்களில் யாராவது அதைத் தற்செயல் என்று நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம். இந்த மாத்திரையில் புலி எலும்பு இல்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனை இருந்தது. அதன் பலன் போதுமா என்று நிபுணர்கள் மாதக்கணக்கில் வாதம் செய்த பிறகே அனுமதி கிடைத்தது.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை, தெருவின் பழைய பயம் திரும்பி வந்தது. 2024 மார்ச் 22ம் தேதி கோபயாஷி மருந்துக் கம்பெனி, கொழுப்பைக் குறைக்கும் என்று விற்றுவந்த சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சாவுகளும் விசாரணைக்கு உள்ளாயின. தயாரிப்பின்போது புகுந்த ஒரு பூஞ்சை உண்டாக்கிய பியூபருலிக் அமிலம்தான் காரணம் என்று அரசின் ஆய்வு காட்டியது. மருத்துவர்களிடமிருந்து முதல் தகவல் ஜனவரியிலேயே வந்தும் அறிவிக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது கம்பெனி. ஜூலையில் வாரியத் தலைவரும் நிறுவனத் தலைவரும் பதவி விலகினார்கள். இருவரும் நிறுவனக் குடும்பத்தினர். இத்தனைக்கும் அது சட்டப்படி மருந்தே அல்ல, உணவு. அதனால் மருந்துக்கு உள்ள கெடுபிடி அதற்கு இருக்கவில்லை.

இந்திய வாசகருக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. 2022ல் காம்பியாவில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் தொடர்புபடுத்தியது. 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தமிழ்நாட்டில் தயாரானது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற மலிவு விஷம் மருந்து திரவத்தில் கலந்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும், இனிக்கும். காய்ந்த வேர்களைப் பிரித்தறியப் போராடிய 18ம் நூற்றாண்டுத் தரகரின் பிரச்சினை, குழாயும் பாத்திரமுமாகத் தொழிற்சாலைக்குள் குடிபெயர்ந்திருக்கிறது. பிரித்தறியும் கருவி இன்று எல்லா ஊரிலும் உண்டு. அதை இயக்கிப் பார்க்கிறார்களா என்பதில்தான் விஷயம்.

சுகுனாஹிகோனா கோயிலின் அலுவலகக் கட்டடத்தில் 1997ல் ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டணம் இல்லை. தெருவின் மூன்றரை நூற்றாண்டுக் காகிதங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. விலைப் பட்டியல், சங்கக் கணக்கு, தகராறு மனு எல்லாம் உண்டு. போலி மருந்து விற்கமாட்டோம் என்று 33 பேர் எழுதிக் கொடுத்த 1658ம் வருடத்துச் சங்கதியும் அந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுதான். கோயில் இருப்பது தெருவின் இரண்டாம் பகுதியில். அங்கிருந்து நேரே மேற்கே நடந்தால் சில நிமிடத்தில் நான்காம் பகுதி வரும். கோபயாஷி கம்பெனியின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது.